எங்கே திருப்பினாலும் எஃப்எம் பாட்டு: கொடைக்கானலிலிருந்து வந்த எஸ்டிஆர் கேள்விக்கு என் பதில்

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள். வீடு கொடைக்கானல் நாயுடுபுரம் பக்கம். கணினியில் செருகி மென்பொருள் மூலம் ரேடியோவாகப் பயன்படுத்தும், பென் டிரைவ் அளவில் வரும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் ஒன்று வாங்கி, ரஷ்யாவின் மெட்டியோர் வானிலைச் செயற்கைக்கோளை 137.9 மெகாஹெர்ட்ஸில் பிடிக்கப் பார்க்கிறீர்கள். படம் வரவில்லை. சிக்னல் போதவில்லை என்று நினைத்து 50 மெகாஹெர்ட்ஸிலிருந்து 4 கிகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும் ஆம்ப்ளிஃபையர் ஒன்றை ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் போட்டீர்கள். நிலைமை இன்னும் மோசம். 113-லும் 119-லும்கூட சினிமாப் பாட்டு கேட்கிறது. இப்போது மூன்று கேள்வி: இதைவிட நல்ல ஆம்ப்ளிஃபையர் வாங்கலாமா, மென்பொருளிலேயே இந்தத் தொந்தரவை வடிகட்ட வழி உண்டா, ஊட்டி ரேடியோ டெலஸ்கோப்பில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்.

இந்த மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. உங்களுக்கு வேண்டிய சிக்னல் குறைவாக வருகிறதா, அல்லது வேண்டாத சிக்னல் அளவுக்கு மீறி வந்து ரிசீவரையே திணறடிக்கிறதா? இந்த இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். முதலாவதற்கு ஆம்ப்ளிஃபையர் உதவும். இரண்டாவதில் ஆம்ப்ளிஃபையர் போட்டால் நோய் முற்றும். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது வகை என்றுதான் படுகிறது. நான் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டங்களின் விஎச்எஃப் ரேடியோ செட்டுகளையும், அவற்றின் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் மலை உச்சி ரிப்பீட்டர்களையும் பல வருடமாகப் பராமரித்து வருகிறேன். ஒரே உச்சியில் நாலைந்து டிரான்ஸ்மிட்டர் இருக்கும் இடத்தில் ஒரு ரிசீவரைப் பிழைக்க வைப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் போட்டுப் பார்ப்போம், ஏனென்றால் இந்த விஷயத்தில் கணக்கே பாதிப் பதில். கொடைக்கானல் வானொலி 100.5 மெகாஹெர்ட்ஸில் 10 கிலோவாட்டில் ஒலிபரப்புகிறது. மதுரை, திண்டுக்கல், திருச்சி என்று கீழே சமவெளி முழுக்கக் கேட்கவேண்டும் என்பதற்காகவே மலைமேல் வைக்கப்பட்ட நிலையம் அது. உங்கள் வீடு அதிலிருந்து 3 கிலோமீட்டரில், நடுவே மேடு ஏதும் மறைக்காமல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 10 கிலோவாட் என்பது 70 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபெலில் சொல்லும் சக்தி, ஒவ்வொரு 10 டெசிபெலும் பத்து மடங்கு). 3 கிலோமீட்டர் வெட்டவெளியில் 100 மெகாஹெர்ட்ஸ் இழப்பது சுமார் 82 டெசிபெல். ஆக உங்கள் ஆன்டெனா முனையில் வந்து நிற்பது கிட்டத்தட்ட மைனஸ் 12 டிபிஎம். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அந்த எண்ணைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள், அவ்வளவு பலம். ஒலிபரப்பு ஆன்டெனாவின் கெயினை, அதாவது அது குவித்துக் கூட்டும் பலத்தை, நான் இதில் சேர்க்கவே இல்லை.

இனிச் செயற்கைக்கோளைப் பாருங்கள். அது 800 கிலோமீட்டருக்கும் மேலே, ஏறத்தாழ 5 வாட்டில் அனுப்புகிறது. அதாவது 37 டிபிஎம். அடிவானத்திலிருந்து ஓரளவு மேலே வந்த நேரத்தில் சாய்வான தூரம் 1,500 கிலோமீட்டர் என்று வைத்தால், வழியில் இழப்பது சுமார் 139 டெசிபெல். உங்களுக்கு வந்து சேருவது மைனஸ் 102 டிபிஎம். இரண்டுக்கும் இடையே 90 டெசிபெல் வித்தியாசம். வானொலியின் சக்தி செயற்கைக்கோளின் சக்தியைப்போல் 100 கோடி மடங்கு. கோயில் திருவிழாவில் கூம்பு ஒலிபெருக்கிக்கு அடியில் நின்றுகொண்டு, தெருக்கோடியில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்க முயல்வது போன்ற நிலை இது. அங்கே போய்க் காதுக்கு மெஷின் மாட்டினால் என்ன ஆகுமோ அதைத்தான் அந்த ஆம்ப்ளிஃபையர் செய்கிறது.

மைனஸ் 102 என்பதைப் பார்த்து இது ரொம்பக் குறைவு என்று பயப்படவேண்டாம். மெட்டியோரின் சிக்னல் சுமார் 120 கிலோஹெர்ட்ஸ் அகலம். அந்த அகலத்துக்குள் இயற்கையாக இருக்கும் வெப்ப இரைச்சல் மைனஸ் 123 டிபிஎம் அளவு. டாங்கிள் தன் பங்குக்கு நாலைந்து டெசிபெல் இரைச்சலைச் சேர்க்கும். வானத்திலிருந்து வரும் இரைச்சலும் இந்த அலைவரிசையில் சில நூறு கெல்வின் இருக்கும். எல்லாம் போக இன்னும் 10 டெசிபெலுக்கு மேல் கையில் நிற்கும், படம் வரப் போதுமானது. டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 கேபிள் 15 மீட்டர் இழுத்தாலும் 137 மெகாஹெர்ட்ஸில் இழப்பு ஒரு டெசிபெல் சொச்சம்தான். அது 75 ஓம், டாங்கிள் 50 ஓம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அந்தப் பொருத்தமின்மையால் போவது 0.2 டெசிபெல்கூட இல்லை. எனவே உங்கள் முதல் கேள்விக்கு உறுதியாகவே சொல்கிறேன்: வேறு ஆம்ப்ளிஃபையர் வாங்காதீர்கள், இருப்பதையும் இப்போதைக்குக் கழற்றி வையுங்கள்.

113-லும் 119-லும் பாட்டு எப்படி வந்தது என்பதை விளக்கிவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். எந்த ஆம்ப்ளிஃபையரும் ஓர் எல்லைவரைதான் உள்ளே வருவதை அப்படியே பெருக்கித் தரும். எல்லை தாண்டினால் வளைந்துவிடும். வளைந்த ஆம்ப்ளிஃபையருக்குள் இரண்டு மூன்று பலமான அலைகள் சேர்ந்து நுழைந்தால், அவை தங்களுக்குள் கூட்டியும் கழித்தும் புதிய அலைகளைப் பெற்றுப் போடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: உங்கள் ஊர் 100.5, மதுரைப் பக்கத்திலிருந்து வரும் 106.4, 93.5. முதல் இரண்டைக் கூட்டி மூன்றாவதைக் கழித்தால் 113.4. 106.4-ஐ இரட்டித்து 93.5-ஐக் கழித்தால் 119.3. நீங்கள் பாட்டு கேட்ட இடங்கள் இவைதான். 113 விமான வழிகாட்டி நிலையங்களுக்கான பகுதி, 119 விமானிகள் பேசும் பகுதி. அங்கே யாரும் சினிமாப் பாட்டு ஒலிபரப்பவில்லை. அந்தப் பாட்டு பிறந்தது உங்கள் ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயோ டாங்கிளுக்குள்ளேயோதான். காது கொடுத்துக் கேட்டால் இன்னொரு அடையாளமும் தெரியும்: இப்படிப் பிறந்த பாட்டில் இரண்டு நிலையங்களின் ஒலியும் ஒன்றோடொன்று பின்னிக் கரகரவென்று இருக்கும், திரையிலும் வழக்கமான எஃப்எம் நிலையத்தைவிட அகலமாகத் தெரியும்.

இப்படிக் கலந்து பிறக்கும் பேய்ச் சிக்னல்கள் 137.9 வரை நேரடியாக எட்டாது. எஃப்எம் பட்டை 88 முதல் 108 வரை. இரட்டித்துக் கழிக்கும் மூன்றாம்படிக் கணக்கில் உச்சமாகப் போனாலும் 216-லிருந்து 88 போக 128. அப்படியானால் செயற்கைக்கோள் ஏன் கெட்டது? பலமான அலை ஆம்ப்ளிஃபையரை அமுக்கிப் பிடிக்கும்போது அதன் கெயின் (பெருக்கும் அளவு) எல்லா அலைவரிசைக்கும் சேர்த்தே குறைகிறது, திரையின் அடியில் ஓடும் இரைச்சல் கோடு மேலே ஏறுகிறது. ஐந்தாம்படி, ஏழாம்படிக் கலவைகளும் சன்னமாக எங்கும் பரவும். நம் சின்ன சிக்னல் அதற்கடியில் மூழ்கிவிடுகிறது. வெளியே பார்க்க 137.9-ல் எந்தத் தொந்தரவும் இல்லாததுபோல் இருக்கும், சிக்னல் மட்டும் இருக்காது. அதனால்தான் பலரும் இதைச் சிக்னல் போதாத கோளாறு என்று நினைத்து ஏமாறுகிறார்கள்.

மென்பொருளில் வடிகட்ட முடியுமா என்ற இரண்டாவது கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. அகலமான பட்டையை ஒரேயடியாக உள்ளே வாங்கும் ரிசீவரில், கெடுதல் நடப்பது முதல் ஆம்ப்ளிஃபையரிலும், அலைவரிசையை மாற்றும் மிக்ஸரிலும். மென்பொருள் கைக்கு எண்கள் வந்து சேரும்போது காரியம் முடிந்திருக்கும். உங்கள் டாங்கிளில் அலையை எண்ணாக மாற்றும் பகுதி 8 பிட். கோட்பாட்டளவில் அது தாங்கும் வீச்சு 50 டெசிபெல். மென்பொருளில் அலைவரிசை அகலத்தைக் குறுக்கிப் பார்ப்பதால் இன்னும் பத்துப் பன்னிரண்டு டெசிபெல் கூடக் கிடைக்கும். 90 டெசிபெல் வித்தியாசத்தை அது எந்த வழியிலும் தாங்காது. டியூனர் சிப்புக்குள் ஒரு வடிகட்டி உண்டு, ஆனால் அது தளர்வானது, 100.5-ஐ 137.9-லிருந்து முழுக்கப் பிரித்துத் தள்ளாது. ஆகவே, வேண்டாததை முதல் டிரான்சிஸ்டரை எட்டுவதற்கு முன்பே வெளியேற்ற வேண்டும். மலை உச்சி ரிப்பீட்டரில் கேவிட்டி எனும் ஆளுயர வடிகட்டிகளை ரிசீவருக்கு முன்னால் வைப்பதும் இதற்காகத்தான். எங்கள் தொழிலில் இதில் கருத்து வேறுபாடே கிடையாது.

இதுவரை சொன்னதில் கணக்கு உறுதி, ஆனால் உங்கள் வீட்டில் நடப்பது இதுதான் என்பது என் ஊகம். இங்கே உட்கார்ந்துகொண்டு அதை நான் தீர்மானிக்க முடியாது, நீங்கள் முடியும். சிக்னலை 10 டெசிபெல் குறைக்கும் அட்டெனுவேட்டர் ஒன்று வாங்குங்கள். எஸ்எம்ஏ என்ற திருகு கனெக்டரோடு விரல்நுனி அளவில் வரும், விலை சொற்பம். 119.3-ல் பாட்டைத் திரையில் வைத்துக்கொண்டு, டாங்கிளுக்கும் கேபிளுக்கும் நடுவே அதைத் திருகுங்கள். மென்பொருளில் இருக்கும் தானியங்கி கெயினை முதலில் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் இந்தச் சோதனை பொய் சொல்லும். அட்டெனுவேட்டர் போட்டதும் 119.3-ல் திரையில் கோபுரமாக நின்ற சிக்னல் 10 டெசிபெல் மட்டும் இறங்கினால், அந்தச் சிக்னல் நிஜமாகவே காற்றில் இருக்கிறது. 30 டெசிபெல் அளவுக்குச் சரிந்தாலோ இருந்த இடமே தெரியாமல் போனாலோ அது உங்கள் ரிசீவருக்குள் பிறந்தது. மூன்றாம்படிக் கலவை, உள்ளே வருவது ஒரு டெசிபெல் குறைந்தால் தான் மூன்று டெசிபெல் குறையும். இந்த ஒரு குணம்தான் நமக்கு வாய்த்த பெரிய உளவாளி. 137.9-லும் இதையே செய்து பாருங்கள். செயற்கைக்கோள் தலைக்குமேல் போகும் நேரத்தில் அட்டெனுவேட்டர் போட்டதும் சிக்னல் இன்னும் தெளிவாக எழுந்து நின்றால், வேறு சாட்சியே வேண்டாம்.

இந்தச் சோதனையில் குழப்பும் ஒரு முடிவும் வரலாம், மலையில் இருப்பவர்கள் அதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பாட்டு கலவையாகத்தான் இருக்கும், 119.3 என்ற கணக்கும் பொருந்தும், ஆனால் அட்டெனுவேட்டர் போட்டால் 10 டெசிபெல்தான் குறையும். அப்படியென்றால் கலவை ரிசீவருக்கு வெளியே எங்கோ நடக்கிறது. துருப்பிடித்த இரண்டு உலோகங்கள் தளர்வாகத் தொட்டுக்கொண்டிருக்கும் இடம் டயோடுபோல வேலை செய்யும். பலமான அலைகள் அதில் பட்டால் அங்கேயே கலந்து, அந்த உலோகமே ஆன்டெனாவாகி, திரும்ப ஒலிபரப்பும். தகரக் கூரையின் ஆணிகள், துருவேறிய கம்பிவேலி, பழைய டிவி ஆன்டெனாவின் கிளாம்ப், மாஸ்டைக் கட்டிய ஸ்டே கம்பி என்று எதுவும் இருக்கலாம். நம் மலைகளில் வருடத்தில் பாதி நாள் பனிமூட்டமும் சாரலும்தான், இரும்பு எதுவும் துருவுக்குத் தப்புவதில்லை. ஒரு தோட்டத்து ரிப்பீட்டரில் வெயிலடித்தால் வருவதும் மழை நனைத்தால் மறைவதுமாக ஒரு கரகரப்பு எங்களை ரொம்பநாள் அலைக்கழித்தது. கடைசியில் அது கட்டிடக் கூரைத் தகரத்தின் ஓரத்தில் இருந்த தளர்ந்த போல்ட். ஒருவர் கூரையை மூங்கிலால் தட்டத் தட்ட, இன்னொருவர் கீழே ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பிடிபட்டது. தட்டும்போது கோபுரம் துள்ளியது. போல்ட்டை இறுக்கி, துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடித்த பிறகு போய்விட்டது. இந்த வகைக்கு எந்த வடிகட்டியும் உதவாது, ஏனென்றால் அது உண்மையாகவே அந்த அலைவரிசையில் காற்றில் வருகிறது. ஆன்டெனாவைக் கூரையிலிருந்து தள்ளிவைப்பது அல்லது மூலத்தைத் தேடிச் சரிசெய்வது, இரண்டே வழி.

சோதனையில் ரிசீவர் திணறல்தான் என்று தெரிந்தால், அதற்கு மருந்து எஃப்எம் தடுப்பு வடிகட்டி. 88 முதல் 108 வரை அடைத்து மற்றதை விடும் சின்னப் பெட்டி கடையில் கிடைக்கிறது. அதை வாங்கும் முன் நீங்களே ஒன்று செய்து பாருங்கள், செலவு மூன்று வாய் உள்ள ஒரு டி கனெக்டரும் அரை மீட்டர்ச் சொச்சம் கேபிளும்தான். முனை திறந்திருக்கும் கேபிள் துண்டு ஒன்று, கால் அலைநீளம் இருந்தால், அந்த அலைவரிசைக்கு மட்டும் டி கனெக்டரில் ஷார்ட் வைத்ததுபோல் நடந்துகொள்ளும். 100.5-க்குக் கால் அலைநீளம் 74.6 சென்டிமீட்டர். கேபிளுக்குள் அலை மெதுவாகப் போவதால் ஆர்ஜி-58 கேபிளில் அதை 0.66-ஆல் பெருக்கவேண்டும், 49 சென்டிமீட்டர் வரும். நுரை உள்ள ஆர்ஜி-6 என்றால் 62 சென்டிமீட்டர் அளவு, கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். 49 என்றதும் 49-ஆக வெட்டிவிடாதீர்கள். 54 வெட்டி ஒரு முனையில் கனெக்டர் போட்டு, டி-யின் ஒரு காதில் மாட்டுங்கள். மறுமுனையில் நடுக்கம்பியும் வலையும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கெயினை நன்றாகக் குறைத்து, 100.5-ஐத் திரையில் வைத்துக்கொண்டு, கூர்மையான கட்டரால் அரை அரை சென்டிமீட்டராக நறுக்குங்கள். ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும், கேபிள் துண்டு அடைக்கும் பள்ளம் சுமார் 2 மெகாஹெர்ட்ஸ் மேலே நகரும். கோபுரம் இறங்கிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிற்கும், இன்னும் வெட்டினால் மறுபடி ஏறும். நிற்கும் இடத்துக்கு முன்பே கை நடுங்க ஆரம்பிக்க வேண்டும், வெட்டியதை ஒட்ட முடியாது.

ஒழுங்காகச் செய்தால் 100.5-ல் 20 முதல் 30 டெசிபெல்வரை விழும். பக்கத்து 93.5, 106.4-லும் பத்துக்குமேல் குறையும், பள்ளம் அவ்வளவு குறுகலானதல்ல. இதற்கு ஒரு விலையும் உண்டு. 137.9-ல் அந்தக் கேபிள் துண்டு சும்மா இருக்காது, சுமார் 2 டெசிபெல் தின்னும். வடிகட்டி முன்னால் தின்னும் ஒவ்வொரு டெசிபெலும் ரிசீவரின் இரைச்சல் கணக்கில் நேராகச் சேரும் என்பது உண்மை, அதைக் காட்டித்தான் சிலர் ஆம்ப்ளிஃபையரே முதலில் இருக்கவேண்டும் என்று வாதாடுவார்கள். 1,090 மெகாஹெர்ட்ஸிலோ 1,700-லோ அந்த வாதத்தில் நியாயம் உண்டு, அங்கே வானம் அமைதி. 137-ல் வானமே சில நூறு கெல்வின் இரைச்சலோடு இருக்கிறது, அதோடு வீட்டு இரைச்சல் வேறு. அந்த 2 டெசிபெலை நீங்கள் படத்தில் கண்டுபிடிக்கவே முடியாது. உங்கள் ஊரில், இந்த அலைவரிசையில், வடிகட்டி முன்னால் வருவதுதான் சரி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பின்னாளில் நீளமான கேபிள் இழுக்க வேண்டி வந்து ஆம்ப்ளிஃபையர் தேவைப்பட்டால், வடிகட்டியோடு சேர்ந்து வரும் மாடலை வாங்குங்கள். ஆனால் வடிகட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். சிலவற்றில் முதல் ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால்தான் வடிகட்டி இருக்கும். சமவெளியில் இருப்பவருக்கு அது போதும், 10 கிலோவாட்டுக்குப் பக்கத்தில் இருப்பவருக்குப் போதாது.

கெயின் வைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். உச்சத்தில் வைப்பது எல்லாரும் செய்வது. கீழேயிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். சிக்னலுக்கும் இரைச்சல் கோட்டுக்கும் உள்ள உயர வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். அது கூடும்வரை ஏற்றி, கூடாமல் நின்றதும் ஒரு படி கீழே இறக்கி விட்டுவிடுங்கள். ஆன்டெனாவைப் பொறுத்தவரை 120 டிகிரி விரிந்த, ஒரு கை 53 சென்டிமீட்டர் அளவுள்ள வி வடிவ டைபோலை (இரண்டு கை உள்ள ஆன்டெனா) தரைக்கு இணையாகப் படுக்கவைத்தால் போதும். படுத்த ஆன்டெனா தரையிலிருந்து வரும் நிலையங்களை 20 டெசிபெல் தள்ளிவிடும் என்று படித்திருப்பீர்கள். அந்த 20 டெசிபெல், எதிரில் இருப்பது நெட்டுக்குத்தான ஆன்டெனாவாக இருந்தால் மட்டும். எஃப்எம் நிலையங்கள் பலவும் சுழல் துருவத்தில், அதாவது அலை சுழன்றபடி போகுமாறு, அனுப்புபவை. அதற்கு 3 டெசிபெல்தான் கிடைக்கும், நம்பி இருக்காதீர்கள். அதைவிட வீட்டுச் சுவரும் மண்மேடும் உதவும். ஆன்டெனாவை டவர் தெரியாத பக்கம், வீட்டின் மறைவில் வைத்துப் பாருங்கள். செயற்கைக்கோள் தலைக்கு மேலே வரும், டவர் சுவருக்கு அப்பால் நிற்கும்.

மூன்றாவது கேள்விக்கு, ஊட்டி டெலஸ்கோப் இருக்கும் முத்தோரைக்கு வருவோம். ஊட்டி ரேடியோ டெலஸ்கோப் 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் கட்டி 1970 முதல் இயங்குகிறது. சுமார் 11 டிகிரி சாய்ந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப்பிடித்து, அந்தச் சாய்வு இடத்தின் அட்சரேகைக்குச் சமமாகி, பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அதன் அச்சு அமையும்படி வைத்தார்கள், அதனால் ஒரே அச்சில் சுழற்றி வானத்தைப் பல மணிநேரம் தொடர முடிகிறது. உங்கள் கேள்விக்குச் சம்பந்தப்பட்ட விஷயம் அதன் அலைவரிசை: 326.5 மெகாஹெர்ட்ஸ். 322 முதல் 328.6 வரை உலக அளவில் வானொலி வானியலுக்கும் ஒதுக்கிய பட்டை. தொலைவிலுள்ள விண்மீன் மண்டலத்தின் முனகலைக் கேட்கப்போகிறவர்கள் முதலில் செய்தது, அதிகம் யாரும் பேசாத ஒரு சின்ன ஜன்னலைத் தேர்ந்தெடுத்து அதற்கு மட்டும் காதைத் திறந்ததுதான். பிற்பாடு அதன் 1,056 டைபோல்களை நான்கு நான்காகச் சேர்த்து 264 கூறுகளாக்கி, சுமார் 38 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குக் கேட்கும் அகலப்பட்டைத் திட்டம் வந்தது. 38 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒதுக்கிய 6.6 மெகாஹெர்ட்ஸைத் தாண்டி, மற்றவர்கள் முறைப்படி உரிமையோடு பேசும் இடத்துக்குள் நுழைவது. அகலப்பட்டை ரிசீவர் எதுவானாலும் இந்தச் சிக்கலைத் தவிர்க்க முடியாது: ஜன்னலைப் பெரிதாக்கினால் காற்றோடு சத்தமும் வரும். அதனால் முன்பக்கம் தேவையான அகலத்துக்கு மட்டும் வடிகட்டி, அதற்குள் மிஞ்சும் தொந்தரவை எண்களாக மாற்றிய பிறகு நேரம் வாரியாகவும் அலைவரிசை வாரியாகவும் அடையாளம் கண்டு ஒதுக்கித் தள்ளுவதே ரேடியோ வானியலில் பொதுவான நடைமுறை. மென்பொருளுக்கு அங்கே பெரிய வேலை உண்டு. ஆனால் திணறாத ரிசீவர் கொடுத்த எண்கள் மேல்தான் அந்த வேலை நடக்கும்.

எஃப்எம்மை அடக்கிய பிறகு, இதுவரை மறைந்திருந்த சின்னச் சின்ன இரைச்சல்கள் தெரிய ஆரம்பிக்கும். அதைப் பார்த்து மனம் தளராதீர்கள், அது முன்னேற்றம். லேப்டாப்பைப் பேட்டரியில் ஓடவிட்டு வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் கோடு இறங்கினால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள்தான்: எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸின் அடாப்டர். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் அரைமணியில் பிடித்துவிடலாம். லேப்டாப்பே தரும் இரைச்சலுக்கு யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் போட்டு டாங்கிளைத் தள்ளிவைத்து, கேபிளில் ஃபெரைட் வளையம் (இரைச்சலை உறிஞ்சும் காந்தப் பொருள்) மாட்டினால் நிறையக் குறையும்.

மெயினை அணைத்தும் இறங்கவில்லை என்றால் வெளியே தேடவேண்டும். ஒரு விநாடிக்கு ஒருமுறை அளவில் திரையில் குறுக்கே மெல்லிய கோடு விழுந்தால், அது காட்டுமாடும் பன்றியும் வராமலிருக்கத் தோட்டத்தில் போட்ட சோலார் மின்வேலி. கம்பியில் ஈரச்செடி படும் இடத்தில் பொறி பறக்கும், அதுதான் நமக்குக் கேட்கிறது. வேலியை ஒட்டிய செடியை வெட்டச் சொன்னால் தோட்டக்காரர் சந்தோஷமாகவே வெட்டுவார், வேலியின் பலமும் அதனால்தான் குறைந்திருக்கும். மின்வேலிக்கு மட்டும் மென்பொருள் நன்றாக உதவும். நாய்ஸ் பிளாங்கர் என்ற பெயரில் இருக்கும் வசதி, துடிப்பு வரும் அந்த நொடித்துகளை மட்டும் வெட்டி எறியும். அதைக் குறுக்கிய சிக்னலில் போடாமல், டாங்கிள் தரும் முழு அகலத்தில் போடவேண்டும். குறுகிய வடிகட்டி வழியே போன துடிப்பு நீண்டு இழுபட்டு, வெட்ட முடியாததாகிவிடும். அகலமாகக் கேட்பதால் நமக்குக் கிடைக்கும் லாபம் இது. பனி இறங்கும் மாலையில் மட்டும் ஹூம் என்று எல்லா அலைவரிசையிலும் பரவும் இரைச்சல் வந்தால், பக்கத்து உயர் அழுத்தக் கம்பத்தின் பீங்கான் இன்சுலேட்டரில் அழுக்கும் ஈரமும் சேர்ந்து மின்சாரம் கசிகிறது. மின்வாரியத்தில் கம்பத்தின் எண்ணைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள், நீங்கள் ஏறிப் பார்க்கவோ கம்பத்தைத் தட்டவோ கூடாது. தட்டையான தலையோடு 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் மேடை மாதிரி ஒன்று நின்றால், கேபிள் டிவி லைனில் எங்கோ கனெக்டர் தளர்ந்து கசிகிறது, கேபிள்காரரிடம் சொன்னால் போதும்.

அமெரிக்காவின் பழைய நோவா செயற்கைக்கோள்களை வைத்து எழுதிய செய்முறைகளைப் பின்பற்றியிருந்தால் ஒன்று கவனியுங்கள்: 137-ல் அனுப்பிக்கொண்டிருந்த கடைசி நோவாக்கள் 2025-ல் நிறுத்தப்பட்டுவிட்டன. இனி எவ்வளவு நல்ல ரிசீவரிலும் அவை கேட்காது, மெட்டியோரை மட்டும் குறிவையுங்கள்.

இப்போது செய்யவேண்டியது ஆம்ப்ளிஃபையரைக் கழற்றுவது, அட்டெனுவேட்டர் சோதனை, கேபிள் துண்டு, அந்த வரிசையில். 119.3-ல் அட்டெனுவேட்டருக்கு முன்னும் பின்னும் எத்தனை டெசிபெல், கேபிள் துண்டு போட்டபின் 100.5 எவ்வளவு இறங்கியது, மெயினை அணைத்தபோது 137.9-ல் இரைச்சல் கோடு எங்கே நின்றது, இந்த அளவுகளை இங்கேயே எழுதுங்கள். கூரை தகரமா ஓடா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.